அத்தியாயம் 7: எஞ்சின் மிஸ் பண்ணுகிறதா? உப்புக் காற்றில் ஓடும் பழைய மோட்டார் சைக்கிளுக்கு ஒரு சோதனை வரிசை

திருகோணமலையில் பழைய மோட்டார் சைக்கிள்கள் இலகுவில் ஓய்வதில்லை. ஜப்பானில் தபால் சுமந்து முடித்து இங்கே வந்த ஹொண்டா எம்.டி. 90, இரட்டைச் சிலிண்டர் சீ.டி. 125, சீ.டி. 200, இவற்றோடு சீ.ஜீ. 125 எல்லாம் இன்னும் மீன் பெட்டி கட்டிக்கொண்டும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றிக்கொண்டும் ஓடுகின்றன. அவற்றின் எஞ்சின் எளிமையானது, பொறுமை உள்ளவர் வீட்டு முற்றத்திலேயே திறந்து பார்க்கலாம். ஆனால் இந்த ஊரின் காற்று அவற்றுக்கு எதிரி. மூன்று பக்கமும் கடல். கார்த்திகை, மார்கழியில் வாடை ஈரத்தைக் கொண்டுவரும். ஆனி, ஆடியில் கச்சான் புழுதியைக் கொண்டுவரும். உப்பு வருடம் முழுவதும் வரும்.

எஞ்சின் மிஸ் பண்ணத் தொடங்கியதும் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான்: கடைக்குப் போய் ஒரு பிளக் வாங்கிப் போடுவது. சரிவராவிட்டால் கொயில். அதுவும் சரிவராவிட்டால் காபரேற்றர். மாத வருமானத்தின் பாதி போன பிறகும் எஞ்சின் அதே இடத்தில் மிஸ் பண்ணும். இந்த அத்தியாயம் அந்தச் செலவை நிறுத்துவதற்காக எழுதப்பட்டது. இதில் உள்ள சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் தேவையில்லை. வரிசை தேவை, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றும் கட்டுப்பாடு தேவை.

மிஸ் பண்ணுவது என்றால் என்ன

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை வெடிக்கும். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் ஒற்றைச் சிலிண்டரில் ஒரு விநாடிக்கு 25 வெடிப்பு. அவற்றில் ஒன்றிரண்டு தவறினாலே காலுக்கடியில் ஓர் உதறல் தெரியும், சைலன்சரில் தாளம் தப்பும். எரியாத பெற்றோல் சைலன்சருக்குள் போய் அங்கே பற்றினால் 'டப்' என்று வெடிக்கும்.

ஒவ்வொரு வெடிப்புக்கும் நான்கு காரியம் ஒன்றுகூட வேண்டும்: எரியக்கூடிய பெற்றோல், அதற்கு அளவான காற்று, உரிய நேரத்தில் பலமான பொறி, இறுக அமுக்கும் சிலிண்டர். மிஸ் பண்ணும் எஞ்சினில் இவற்றுள் ஒன்று தவறுகிறது. எது என்பதை எஞ்சினே சொல்லும், கேட்கும் விதத்தில் கேட்டால்.

கையில் இருக்க வேண்டியவை

பிளக் ஸ்பனர், ஸ்குறூ டிரைவர், குறடு, பீலர் கேஜ், மலிவான மல்ரிமீற்றர், ஒரு வெள்ளைக் கண்ணாடிப் போத்தல், நல்ல தண்ணீர் நிரப்பிய ஸ்பிரே போத்தல், மெல்லிய எமரி பேப்பர், நன்றாக வேலை செய்யும் என்று தெரிந்த ஒரு பிளக். கடைசியாக ஒரு கொப்பியும் பேனையும். கொப்பி எதற்கு என்பது முடிவில் தெரியும்.

முதலில் கேள்வி, பிறகு ஸ்பனர்

எதையும் கழற்றுவதற்கு முன், எப்போது மிஸ் பண்ணுகிறது என்று எழுதுங்கள்.

• விடியற்காலையில் மட்டும், வெயில் ஏறியதும் சரியாகிறது: வயரிலும் பிளக் தொப்பியிலும் ஈரம். அல்லது பழசாகிப்போன பெற்றோல்.

• சூடேறிய பிறகு மட்டும், நின்று ஆறினால் மறுபடி ஓடுகிறது: சூட்டில் பழுதாகும் கொயில், கண்டென்சர், அல்லது இடைவெளி இறுகிப்போன வால்வு.

• பத்துப் பதினைந்து நிமிடம் ஓடியதும் மூச்சுத் திணறி நிற்கிறது: தாங்கி மூடியின் காற்றுத் துளை அடைப்பு, பெற்றோல் குழாய் அடைப்பு.

• ஐடிலில் மட்டும்: பைலட் ஜெற் அடைப்பு, இன்டேக் பக்கம் காற்றுக் கசிவு, இறுகிய வால்வு.

• உவர்மலை ஏற்றத்தில், இரண்டு பேரோடு, அக்சிலேற்றரைக் கூட முறுக்கும்போது: பலவீனமான பொறி, அல்லது மெயின் ஜெற்றுக்குப் பெற்றோல் போதாமை.

• மேடு பள்ளத்தில் குலுங்கும்போது: இளகிய வயர், கனெக்டர், சாவிச் சுவிச்.

ஏற்றத்தில் மிஸ் பண்ணுவதற்குக் காரணம் உண்டு. அக்சிலேற்றரைத் திறக்கும்போது சிலிண்டருக்குள் அதிகக் காற்றும் பெற்றோலும் புகுந்து இறுக அமுக்கப்படுகின்றன. அடர்ந்த அந்தக் கலவைக்குள் பொறி பாய அதிக வோல்ற் தேவை. வெளியே அழகாகப் பொறிக்கும் பிளக் உள்ளே தோற்றுப்போவது இதனால்தான். 'பிளக்கில் கரண்ட் வருகிறது' என்று மட்டும் பார்த்துவிட்டுப் பொறியை விடுதலை செய்துவிடக் கூடாது.

ஒரு மீன் வியாபாரியின் எம்.டி. 90

கேள்வி எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு நான் பார்த்த ஒரு வேலையைச் சொல்கிறேன். பன்குளம் பக்கம் மீன் கொண்டுபோய் விற்கும் ஒருவர் தன் எம்.டி. 90ஐத் தள்ளிக்கொண்டு வந்தார். ஏற்கெனவே வேறிடத்தில் பிளக், கொயில் இரண்டும் மாற்றி, காபரேற்றரும் கழுவியாகிவிட்டது.

"எப்ப மிஸ் பண்ணுது?" என்று கேட்டேன்.

"போகக்குள்ள மட்டும்தான் அண்ணன். ஆண்டாங்குளம் தாண்டினதும் தொடங்கும். வரக்குள்ள ஒரு பிரச்சினையும் இல்ல."

போகும்போது பாரம் இருக்கிறது, அதனால் ஏற்றத்தில் வரும் குறைதான் என்று நினைக்கத் தோன்றும். அதைச் சோதிக்க, மீன் பெட்டியை இறக்கிவிட்டு அதே பாரத்துக்கு ஓர் ஆளை ஏற்றி அதே பாதையில் ஓடச் சொன்னேன். மிஸ் பண்ணவில்லை. ஆகவே பாரம் காரணமல்ல, பெட்டிதான் காரணம்.

றெஜிபோம் பெட்டியின் மூலையில் ஒரு துளை. ஐஸ் கரைந்த மீன் தண்ணீர் அதன் வழியே சொட்டி, சீற்றுக்குக் கீழே வயர்கள் சேரும் கனெக்டருக்குள் இறங்கியிருந்தது. கனெக்டரை இழுத்துப் பார்த்தால் செம்பெல்லாம் பச்சைக் களிம்பு. கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட வயரும் பச்சை வயரும் அதில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இந்த ஹொண்டாக்களில் சாவியை அணைக்கும்போது நடப்பது, அந்தக் கறுப்பு–வெள்ளை வயர் பச்சை எர்த்தோடு சேர்வதுதான். அப்படிச் சேர்ந்தால் பொறி நின்றுவிடும். உப்புத் தண்ணீர் அந்த இரண்டு வயருக்கும் இடையில் ஒரு சிறு பாலம் போட்டு, ஓடும் எஞ்சினை அரைகுறையாக அணைத்துக்கொண்டிருந்தது. வரும் வழியில் பெட்டி வெறுமை. கனெக்டர் காய்ந்துவிடும், எஞ்சின் ஓடும்.

கனெக்டரை நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, களிம்பைச் சுரண்டி, கிறீஸ் பூசிப் பூட்டினோம். பெட்டியின் தண்ணீர் பின்பக்கம் விழும்படி ஒரு குழாய் செருகினோம். மாற்றிய பிளக்கும் கொயிலும் வீண் செலவு.

படி 1: பெற்றோல்

சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பக்கத்தில் வாழ்கிறோம். ஆனாலும் 2022 இல் நாமும் வரிசையில்தான் நின்றோம். கியூ.ஆர். அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று தொடங்கிய காலத்தில், கிடைத்ததைப் போத்தலிலும் கேனிலும் சேர்த்து வைத்தோம். சேர்த்து வைத்த பெற்றோலில் இலகுவாக ஆவியாகும் பகுதி முதலில் பறந்துவிடும். மிஞ்சுவது குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது, ஜெற்றுக்குள் பிசினாகப் படியும்.

இதை வடக்கில் இருந்தவர்கள் வேறு விதத்தில் கற்றார்கள். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறிய பிறகே மண்ணெண்ணெய் எரிந்தது. ஆவியாகாத எண்ணெயைப் பொறி பற்றவைக்காது. கலப்படப் பெற்றோல் அடித்த வண்டி விடியலில் மிஸ் பண்ணி, சூடேறியதும் ஓரளவு சரியாவதும் இதே காரணத்தால்தான்.

சோதனை எளிது. காபரேற்றரின் அடிக் கிண்ணத்தில் உள்ள வடிகால் ஸ்குறூவைத் திறந்து கண்ணாடிப் போத்தலில் வடியுங்கள். ஐந்து நிமிடம் விட்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனி மணிகளாக உருண்டு திரியும், பெற்றோலோடு சேராது. செம்மண் நிறத் துகள் தாங்கியின் துரு. தண்ணீர் கண்டால் தாங்கியையும் வடித்து, குழாய்த் திறப்பின் வலையைக் கழற்றிக் கழுவுங்கள். இல்லாவிட்டால் நாளை மறுபடி அதே இடத்தில் நிற்பீர்கள். வாடைக் காலத்தில் தாங்கியை நிரம்ப வைத்திருங்கள். வெறுமையாக உள்ள தாங்கியின் உள்சுவரில் இரவு ஈரம் படிந்து தண்ணீராக இறங்கும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது திணறினால் நிறுத்தி, தாங்கி மூடியைத் திறவுங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டு, பிறகு வண்டி ஓடினால் மூடியின் துளைதான் அடைப்பு. ஊசியால் குத்திக் கழுவினால் போதும். 92க்குப் பதிலாக 95 ஒக்ரேன் அடிப்பதால் மிஸ் பண்ணுவது நிற்காது. ஒக்ரேன் எண் 'நொக்கிங்' வராமல் தடுப்பதற்கானது.

படி 2: பொறி

எஞ்சின் மிஸ் பண்ணிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பு என்றால் எரிதல் சரி. உலர்ந்த கரி என்றால் பெற்றோல் கூட, அல்லது பொறி பலவீனம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் அல்லது வால்வு சீல் தேய்வு. வெளிறிய வெள்ளை என்றால் காற்றுக் கூட, பெற்றோல் குறைவு. பெற்றோலில் நனைந்திருந்தால் பொறி தவறுகிறது.

இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர். தேய்ந்து 1 மில்லிமீற்றராக விரிந்த பிளக் ஏற்றத்தில் தோற்கும். என்.ஜி.கே. பிளக்கில் இலக்கம் கூடக்கூட அது விரைவில் சூட்டை விடும் 'குளிர்ந்த' பிளக். சீ.ஜீ. 125க்கு டி8இஏ என்று புத்தகத்தில் இருந்தால் அதையே போடுங்கள். கைக்குக் கிடைத்த இலக்கம் பொருந்திவிட்டது என்பதற்காக அது சரியாகிவிடாது.

அடுத்தது இருட்டுச் சோதனை. உப்புக்கு ஒரு குணம் உண்டு. மழையே இல்லாத இரவிலும் காற்றின் ஈரத்தைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும். பிளக் வயரிலும் தொப்பியிலும் படிந்த உப்பு அப்படி நனைந்ததும் மின்சாரத்துக்கு வழியாகிவிடும். பல ஆயிரம் வோல்ற் பொறி பிளக்குக்குப் போகாமல் அந்த வழியே எஞ்சின் உடலுக்கு இறங்கும். இரவில் லைற்றுகளை அணைத்து, எஞ்சினை ஐடிலில் விட்டு, ஸ்பிரே போத்தலால் கொயில், வயர், தொப்பி மீது மெல்லிய தூறலாகத் தண்ணீர் அடியுங்கள். கசிவு இருந்தால் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்குத் தெரியும், அதே கணம் எஞ்சினும் தடுமாறும். எஞ்சின் ஓடும்போது வயரைக் கையால் தொடாதீர்கள்.

வயர் தப்பினால் தொப்பியைக் கழற்றி மீற்றரில் அளவுங்கள். ரெசிஸ்டர் தொப்பி வழமையாக 5 கிலோ ஓம் அளவில் காட்டும். ஒன்றும் காட்டாவிட்டால், அல்லது பல பத்துக் கிலோ ஓம் காட்டினால், தொப்பி பழுது. தொப்பி திருகும் வயர் நுனியில் களிம்பு இருந்தால் அரை அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி திருகுங்கள். பாதிப் பிரச்சினை அந்த அரை அங்குலத்திலேயே தீர்ந்ததைப் பல தடவை கண்டிருக்கிறேன்.

கொயிலின் பலத்தைப் பார்க்க, வயர் நுனியை எஞ்சின் உலோகத்திலிருந்து 6 மில்லிமீற்றர் தள்ளிப் பிடித்துக் கிக் பண்ணுங்கள். காப்பிட்ட குறடால் பிடியுங்கள், பிளக் துளையிலிருந்தும் சிந்திய பெற்றோலிலிருந்தும் விலகியிருங்கள். நீல வெண்மையாக, 'டிக்' என்ற சத்தத்தோடு பாய்ந்தால் நல்லது. மஞ்சளாக, நூல் போல வந்தால் பலவீனம். குளிரிலும் நன்றாகச் சூடேறிய பிறகும் என இரண்டு தடவை பாருங்கள். சி.டி.ஐ. உள்ள வண்டியில் வயரை எர்த்துக்கு வழியில்லாமல் தொங்கவிட்டுக் கிக் பண்ணக் கூடாது, யூனிற்றே பழுதாகலாம். அதற்கு, தொப்பியில் ஒரு பிளக்கைச் செருகி அதன் உலோகப் பகுதியை எஞ்சினோடு சேர்த்து வைத்துப் பாருங்கள்.

பொயின்ற் உள்ள பழைய வண்டிகளில் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர். முகம் கறுத்திருந்தால் எமரியால் மெல்லத் தேய்த்து, சுத்தமான கடதாசித் துண்டை இடையில் இழுத்துத் துடையுங்கள். திறக்கும்போது பொயின்ற்றுக்கு நடுவே பெரிய பொறி பறந்து, முகம் விரைவில் கருகிக் குழி விழுந்தால் கண்டென்சரைச் சந்தேகியுங்கள். அதற்குப் பிறகே டைமிங்: பிளைவீலின் எஃப் கோடு அடையாளத்தோடு நேராகும் அதே இடத்தில் பொயின்ற் திறக்க வேண்டும்.

மீன் வியாபாரியின் குறை உங்களுக்கும் இருக்குமோ என்று பார்க்க, மக்னற்றோவில் பொறி எடுக்கும் வண்டிகளில் மட்டும், கறுப்பு–வெள்ளை வயரைக் கனெக்டரில் கழற்றி ஓடவிடுங்கள். மிஸ் நின்றுவிட்டால் பழுது சாவிச் சுவிச்சிலோ அந்த வயரிலோ இருக்கிறது. அப்போது சாவியால் எஞ்சினை நிறுத்த முடியாது. சோக்கை முழுதாக மூடியோ பெற்றோல் குழாயை அடைத்தோ நிறுத்த வேண்டும். ஆகவே நிறுத்தி வைத்தே சோதியுங்கள், வீதியில் ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

படி 3: காற்றும் காபரேற்றரும்

கச்சான் வீசும் மாதங்களில் எயார் பில்ரரை முதலில் பாருங்கள். புழுதி அடைத்த பில்ரரால் காற்றுக் குறைந்து, பெற்றோல் கூடி, பிளக் கரியாகும்.

எதிர்ப்பக்கக் குறைக்குச் சோக் ஒரு நல்ல சாட்சி. மிஸ் பண்ணும்போது சோக்கைச் சிறிது மூடிப் பாருங்கள். எஞ்சின் தெளிந்தால் பெற்றோல் குறைவாகப் போகிறது: ஜெற் அடைப்பு அல்லது காற்றுக் கசிவு. இன்னும் மோசமானால் ஏற்கெனவே பெற்றோல் கூட. கசிவைப் பிடிக்க, காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள மூட்டில் தண்ணீர் தூவுங்கள். ஐடில் மாறினால் ஓ-ரிங் வெடித்திருக்கிறது.

ஜெற்றைக் கம்பியால் குத்தாதீர்கள். பித்தளை இளகியது, துளை பெருத்துவிட்டால் பிறகு அந்த அளவைத் திரும்பப் பெற முடியாது. பெற்றோலில் ஊறவைத்துக் காற்றடியுங்கள். மிஞ்சினால் மின் வயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழை எடுத்து மெல்ல நுழையுங்கள். ஐடில் கலவை ஸ்குறூவைக் கழற்றுமுன், அது அடி தொடும்வரை எத்தனை சுற்றுப் போகிறது என்று எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள்.

படி 4: வால்வும் கொம்பிரஷனும்

பழைய எஞ்சினில் வால்வு இருக்கையில் தேய்ந்து உள்ளே போகப்போக, மேலே இடைவெளி குறைந்துகொண்டே வரும். 'டிக் டிக்' சத்தம் நின்றுவிட்டது, எஞ்சின் அமைதியாகிவிட்டது என்று சந்தோஷப்படுபவர்கள் உண்டு. அந்த அமைதி ஆபத்து. சூட்டில் வால்வு நீண்டு முழுதாக மூடாமல் நிற்கும், எஞ்சின் சூடேறியதும் ஐடிலில் மிஸ் பண்ணும், காலப்போக்கில் வால்வு கருகும். எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு, டீ கோட்டில் கொம்பிரஷன் இடத்தில் நிறுத்தி அளவுங்கள். ஹொண்டாவின் 70, 90 வகைகளுக்கு 0.05 மில்லிமீற்றர், சீ.ஜீ. 125க்கு 0.08.

கிக்கரில் எதிர்ப்பு இல்லாமல் கால் இறங்கினால், பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி மிதியுங்கள். எதிர்ப்புக் கூடினால் ரிங், கூடாவிட்டால் வால்வு. இதற்கு மேல் எஞ்சினைத் திறக்கும் வேலை.

இரட்டைச் சிலிண்டர் என்றால்

சீ.டி. 125, 200 மாதிரியான வண்டிகளில் ஒரு சிலிண்டர் மட்டும் படுத்தாலும் வண்டி நொண்டிக்கொண்டு ஓடும். ஸ்டார்ட் பண்ணிய ஒரு நிமிடத்தில் இரண்டு சைலன்சர் குழாயின் கழுத்திலும் துளித் தண்ணீர் விடுங்கள். உடனே பொங்கி ஆவியானால் அந்தப் பக்கம் வேலை செய்கிறது. மெல்ல வழிந்தால் அந்தப் பக்கம் படுத்துவிட்டது. இரண்டு பக்கத்துப் பிளக்கையும் இடம் மாற்றுங்கள். குறை பிளக்கோடு மறுபக்கம் போனால் பிளக் பழுது. அதே பக்கம் நின்றால் தொப்பி, வயர், வால்வு என்று தொடருங்கள். காபரேற்றர் இரண்டுக்கும் பொது என்பதால் ஒரு பக்கக் குறைக்கு அதைக் கழற்றத் தேவையில்லை.

முடிந்த பிறகு

பழுது தீர்ந்ததாகத் தெரிந்தால் கழற்றிய பழைய சாமானை மறுபடி பூட்டிப் பாருங்கள். மிஸ் திரும்பி வந்தால் காரணம் அதுதான் என்பது உறுதி. வராவிட்டால், வேலை செய்யும்போது நீங்கள் அசைத்த ஏதோ ஒரு கனெக்டர்தான் காரணம். அதைத் தேடிக் கண்டுபிடிக்காவிட்டால் ஒரு மழை நாளில் மூதூர் வீதியில் நிற்பீர்கள்.

மாதம் ஒரு தடவை வண்டியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், கொயில் பக்கம் வேகமாகத் தண்ணீர் அடிக்காதீர்கள். கனெக்டர்களைக் கழற்றி மெல்லிய கிறீஸ் பூசுங்கள். எர்த் வயர் சட்டத்தில் பூட்டும் இடத்தைச் சுரண்டி இறுக்குங்கள்.

இனிக் கொப்பி. திகதி, எப்போது மிஸ் பண்ணியது, எதைச் சோதித்தீர்கள், எது தீர்த்தது என்று நான்கு வரி எழுதுங்கள். அந்த எம்.டி. 90க்கு அடுத்த வருடம் மறுபடி மிஸ் வந்தது. உரிமையாளர் தொலைபேசியில், "அண்ணன், இந்த முறை வரக்குள்ளயும் மிஸ் பண்ணுது. கனெக்டர் காஞ்சு கிடக்கு, பாத்திட்டன்" என்றார். பழைய குறை இல்லை என்பதை என்னிடம் வராமலே அவர் அறிந்திருந்தார். பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். இடைவெளி 1 மில்லிமீற்றருக்கு மேல். அவரே சரிசெய்து, அடுத்த நாள் விடியலில் மீன் ஏற்றிப் போனார்.